விரல் வேண்டும், குரல் வேண்டாமா?

கைப்பேசித் தொழிலில் பெண்களுக்குப் பெரும் எதிர்காலம் என்று மந்திரிகளும் முதலாளிகளும் முழங்குகிறார்கள். அந்த எதிர்காலத்தை 2021 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லியில் கண்டோம். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்களின் விடுதி அது. கெட்ட உணவு உண்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். மற்றவர்கள் டிசம்பர் 18-ல் சென்னை–பெங்களூர் சாலையை மறித்தனர். அதன் பிறகே ஆலை நின்றது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரத்துக்குக் குறைந்தவை என்று ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது.

சோற்றைப் பற்றிப் பேசவே சாலைக்கு வர வேண்டுமென்றால், சம்பளமும் மேற்பார்வை உத்தியோகமும் கேட்க எங்கே போவார்கள்? பெண்ணின் விரல் வேண்டும், குரல் வேண்டாம் என்பது முதலாளி நியாயம்.

கும்மிடிப்பூண்டி ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! அங்கே நிற்பவள் நம் மகள். அவளுக்குச் சங்கம் வேண்டும். சங்கத் தலைமையில் இடமும் வேண்டும்.