பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு

ஒரு நாள் மாலை, பள்ளி விட்டதும் நாங்கள் ஐந்து பேரும் பேருந்தில் ஏறி நின்றுகொண்டிருந்தோம். கூடையும் கையுமாக ஒரு பாட்டியம்மா ஏறினார். "எல்லாம் ஓசிக் கூட்டம்" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். பாட்டியின் முகம் வாடிவிட்டது. வகுப்பில் ஓயாமல் பேசும் நாங்கள் அன்று வாய் திறக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறோம்.

நம் சென்னை நகரில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. தனியார் நடத்திவந்த நகரப் பேருந்துகளை 1947-48-இல் அரசு ஏற்றது. 1972 ஜனவரி முதல் நாள் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அந்நாளைய சீட்டுகளைப் பற்றி எங்கள் தாய்மார் சொல்லக் கேட்க வேண்டும்! ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறம். கட்டுக்கட்டாக அடுக்கியதிலிருந்து நடத்துநர் விரல் நுனியால் ஒன்றைச் சர்ரென்று கிழித்துத் தருவாராம். காற்றில் பறந்துவிடாதபடி அதைக் கைக்கடிகாரப் பட்டையில் செருகிக்கொள்வார்களாம். சில்லறைக்காக நடந்த சண்டைகளோ தனிக் கதை.

2018 ஜனவரியில் சென்னைச் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்தாயிற்று. இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். எங்கள் தோழி ஒருத்தியின் தாய் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். அந்நாளில் அவர் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, வெயிலில் நடந்து வீடு சேர்வாராம். மிச்சம் பிடித்த காசில் வாங்கியது இவளுக்கு நோட்டுப் புத்தகம்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவருடன் வரும் துணைக்கும் இது உண்டு. இதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அரசின் பணம் யாருடையது? சோப்புக் கட்டி வாங்கும்போது அந்தப் பாட்டியும் வரி கட்டுகிறாரே! பிறகு எப்படி அது ஓசியாகும்? திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலியா என்று முணுமுணுத்தவர்களை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பேருந்திலும் அவர்கள் ஏறிவிட்டார்கள் போலும்.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. இலவசந்தானே என்று பலர் சீட்டு வாங்காமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். நடத்துநர் நீட்டினாலும், "எதற்கு?" என்கிறார்கள். பரிசோதகர் ஏறினால் சங்கடம் அவருக்கும்தான். அந்தத் துண்டுக் காகிதத்தில் தொகை பூஜ்யம் என்றாலும், இத்தனை பெண்கள் இன்று வேலைக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போனார்கள் என்ற கணக்கு அதில் அல்லவா இருக்கிறது? கணக்கில் வராத பயணிக்காக யார் கூடுதல் பேருந்து விடுவார்கள்?

இப்போது எங்களிடம் பள்ளிப் பேருந்து அட்டை இருக்கிறது. விடுமுறையில் அம்மாவுடன் போகும்போது மட்டும், "அண்ணா, எங்களுக்கு இரண்டு சீட்டு" என்று கேட்டு வாங்குகிறோம். போன வாரம் ஒரு நடத்துநர் சிரித்துக்கொண்டே, "கேட்டு வாங்குகிற ஆளும் உண்டா?" என்றார். பக்கத்து இருக்கை அம்மாவும் கை நீட்டினார்.