மூன்று பாட்டு வந்தால் போதும்



கொஞ்ச நாட்களாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே சங்கதி வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் எழுதுகிறார், ஏறாவூர் ஆசிரியை ஒருவர் எழுதுகிறார், வாழைச்சேனையில் ஓய்வூதியம் எடுக்கும் ஐயா ஒருவர் எழுதுகிறார். வீட்டில் கிற்றார் இருக்கிறது. யூடியூப் பார்த்துப் பழகினேன். மூன்று பாட்டு வரும். ஆட்கள் முன்னால் வாசிக்கத்தான் கூச்சம். நன்றாக வந்த பிறகு வாசிக்கலாம் என்று இருக்கிறேன். மூவரும் சொல்வது இவ்வளவுதான்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கும் எல்லாருக்கும் சேர்த்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நன்றாக வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆட்களோடு சேர்ந்து வாசிக்க வாசிக்கத்தான் நன்றாக வரும். எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கலை பழகியது அப்படித்தான்.

கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமோடியும் தென்மோடியும் ஆடுகிறவர்கள் யார்? வயல் செய்கிறவர்கள், வாவியில் வலை போடுகிறவர்கள், பகலெல்லாம் வேறு வேலை பார்க்கிறவர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளையும் குரலையும் பார்த்துப் பாத்திரம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். ஊரார் சுற்றியிருந்து பார்ப்பார்கள். தாளக்கட்டு பிசகினால் அத்தனை பேர் முன்னால்தான் பிசகும். அந்த இடத்திலேயே அண்ணாவியார் திருத்துவார். சதங்கை அணிந்து, அரங்கேற்றம் காணும்போது அந்த விவசாயிக்குச் சபைக்கூச்சம் என்று ஒன்று மிச்சமிருக்காது. ஊர் பார்க்கத்தான் அவர் பழகினார்.

கிற்றாருக்கும் எங்கள் ஊரில் இதேபோல் ஒரு வழி உண்டு. அது பறங்கியர் வீட்டுக் கலியாணம். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. இங்கே போர்த்துக்கேயரின் ஆட்சி அத்தோடு முடிந்தது. அவர்களுடைய மொழியும் பாட்டும் முடியவில்லை. தச்சு வேலை, இரும்பு வேலை, இயந்திரம் திருத்துதல், தையல் என்று கைத்தொழிலால் வாழ்ந்த, அவர்கள் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தெருவில் எங்களோடு தமிழ் பேசினார்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் பேசினார்கள். அவர்களில் மூத்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். கலியாணம் என்றால் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் இருக்கும். வயலின் முன்னே போகும். கிற்றாரும் மேளமும் தாளத்தைத் தாங்கும். சில வீடுகளில் மண்டலினும் சேரும். சோடி சோடியாக ஆடுவார்கள். வாசிக்கிறவர் மறுநாள் காலையில் உளியையோ சுத்தியலையோ எடுக்க வேண்டியவர். அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் ஏட்டைப் பார்த்து வந்ததல்ல. பெரியவர்கள் வாசிக்கக் காதால் கேட்டு, அவர்கள் கையைக் கண்ணால் பார்த்துப் பிடித்தது.

அந்தத் துள்ளல் எப்படி வருகிறது என்று உங்கள் கிற்றாரிலேயே பார்க்கலாம். அது ஆறு எண்ணிக்கைத் தாளம். வலது கையால் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக அடித்துப் பாருங்கள். அதே நேரம் பக்கத்தில் ஒருவரை அதே ஆறை 'தக தக தக' என்று இரண்டு இரண்டாக மேசையில் தட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, நடுவில் முட்டி, மறுபடி ஒன்றாக வந்து விழும். அந்த முட்டலில்தான் கால் தானாக எழும்புகிறது. தனியே அறையில் இருந்து எத்தனை மாதம் பழகினாலும் இது கைக்கு வராது. இன்னொருவர் வேண்டும்.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த டச்பார் பறங்கியர் குடியிருப்பு அழிந்தது. எத்தனையோ குடும்பங்களில் ஆட்கள் போனார்கள். வீடும் வாத்தியமும் போயின. தப்பியவர்கள் வேறு இடங்களில் குடியேறினார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சமூகத்தில் கலியாணம் நடந்தது, பாட்டும் நடந்தது. சில பேர் கையில் மட்டும் இருந்த கலையாக இருந்திருந்தால் அது அன்றோடு போயிருக்கும். பல வீடுகளில், பல கைகளில் இருந்ததால் மிஞ்சியது.

வெளியுலகத்துக்கு இந்த இசையின் அருமை முன்பே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஹியூ நெவில் சேர்த்துவைத்த மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாட்டுகளின் கையெழுத்துப் பிரதி இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் இந்தப் பாட்டுகளை ஆராய்ந்து 1990இல் ஒரு நூலே எழுதினார். அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் இங்கே வந்து பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து போயிருக்கிறார்கள். அவர்கள் தேடி வந்த இசை எங்கள் அடுத்த தெருவில் இருக்கிறது.

இந்த இடத்தில் சுவாமி விபுலானந்தரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892இல் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து பிறகு துறவியானவர், பேராசிரியராகவும் பணியாற்றியவர். கச்சேரி செய்து வாழ்ந்தவரல்லர். நரம்பிலிருந்து இசை எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, பழைய இலக்கியங்களையும் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஆண்டுக்கணக்காக உழைத்தார். அதன் பலன்தான் யாழ் நூல். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது.

அவர் துருவிப் பார்த்த கணக்கின் ஒரு துளியை நீங்கள் அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். சாதாரணக் கிற்றாரில் கம்பியின் நீளம் ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர். பன்னிரண்டாவது ஃபிரெட் சரி பாதியில், 32.5 சென்ரிமீற்றரில் இருக்கும். அங்கே அழுத்தினால் மேல் சட்ஜம். ஏழாவது ஃபிரெட்டில் அழுத்தினால் கம்பியில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், அது பஞ்சமம். ஐந்தாவதில் நாலில் மூன்று பங்கு; அது மத்திமம். ஏழிலும் ஐந்திலும் கணக்குக்கும் கிற்றாருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. இதை ஒருமுறை அளந்து பார்த்த பிள்ளைக்குச் சுருதி என்பது வெறும் சொல்லாக இருக்காது.

சுருதி கூட்டுவதற்குப் போனில் எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. தாராளமாகப் பாவியுங்கள். கிழமையில் ஒரு நாளாவது போனை அப்பால் வைத்துவிட்டுக் காதால் கூட்டுங்கள். ஆறாம் கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டும் வெறும் ஐந்தாம் கம்பியும் ஒரே ஒலி தர வேண்டும். இரண்டையும் ஒன்றாக மீட்டி, கிற்றார் பெட்டியின் விளிம்பில் காதை வையுங்கள். நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு மற்ற முனையில் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்பது போலத்தான் இதுவும். மரம் ஒலியைக் கொண்டுவந்து தரும். சுருதி சேராதபோது ஒலி அலை அலையாக நடுங்கும். ஆணியை மெல்லத் திருப்பத் திருப்ப அந்த நடுக்கம் ஆறுதலாகி, ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் சரியான இடம்.

எங்கள் காற்றையும் மழையையும் அறிந்து கிற்றாரைப் பராமரிக்கவும் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மரம் வற்றும். மேற்பலகை தாழ்ந்து கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். ஃபிரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். கம்பி உயர்ந்துவிடும், அழுத்த விரல் நோகும். பல பிள்ளைகள் தங்கள் கையில்தான் பிழை என்று நினைத்துக் கிற்றாரை மூலையில் வைப்பது இந்த மாதங்களில்தான். பிழை காலநிலையில் இருக்கிறது. கிற்றாரைச் சுவரில் மாட்டாமல் அதன் உறைப்பெட்டிக்குள் வையுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த சீலையால் கம்பிகளைத் துடையுங்கள்; கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சின்னப் பிள்ளைக்கு வாங்குவதானால் நைலோன் கம்பி போட்ட சிறிய கிற்றாராக வாங்குங்கள், விரல் நோவு குறையும்.

இனி பாட்டுக்கு வருவோம். கிற்றார் எடுத்த தமிழ்ப் பிள்ளைகளில் அனேகம் பேர் முதலில் போய் நிற்பது 'இளைய நிலா' பாட்டின் முன்னிசையில். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜாவின் இசையில் அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர், கைதேர்ந்த கலைஞர். அதிலேயே தொடங்கி, அது வராமல், கிற்றாரே வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆசை நல்ல ஆசை. அதை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். முதல் வருடத்தில் பாடுகிறவருக்குத் துணை வாசிக்கப் பழகுங்கள். 1970களில் எங்கள் நாட்டை ஆட்டிவைத்த தமிழ் பொப் பாட்டுகளை எடுங்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் நாலைந்து கோட்ஸுக்குள் அடங்கிவிடும். தாளம் எங்கள் இரத்தத்தில் ஊறியது. ஒரு வீடு முழுக்கச் சேர்ந்து பாடும்.

பாடுகிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மூன்று பாடங்கள் தானாக வரும். ஒன்று, பிழை விட்டால் நிற்காமல் போகப் பழகுவீர்கள். அவர் பாடிக்கொண்டே போவார், நீங்கள் ஓடிப் பிடிக்க வேண்டும். இரண்டு, சத்தத்தைக் குறைக்கப் பழகுவீர்கள். அவருடைய குரல் கேட்க வேண்டுமே. மூன்று, அவருக்கு வசதியான சுருதிக்கு நீங்கள் போவீர்கள். ஜி, சி, டி மட்டும் தெரிந்தாலும் கேப்போவை இரண்டாவது ஃபிரெட்டில் போட்டால் ஒரு முழுச்சுரம் உயரும். அக்காவின் குரலுக்கும் சரிவரும், சித்தப்பாவின் குரலுக்கும் சரிவரும். பங்குக் கோவில்களின் பாடகர் குழுவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியும். ஞாயிறு பூசைக்கு வாசிக்க வேண்டும் என்ற ஒரு பொறுப்பே அவர்களுக்குப் பாதி ஆசானாக இருந்தது.

நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும், விடாமல் எடுத்தால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்தால் விரல் நுனிதான் நோகும். பழகியதை ஒளித்தும் வைக்காதீர்கள். உங்களுக்கு இரண்டு கோட்ஸ் தெரிந்தால், ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள்தான் மாஸ்ரர். விரலை எங்கே வைப்பது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் விரலும் ஒழுங்குக்கு வரும்.

வாசகர்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறேன்.

வருகிற போயா இரவில் அயலில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். தேத்தண்ணி வையுங்கள். தெரிந்த மூன்று பாட்டை வாசியுங்கள். பாடத் தெரிந்தவர் பாடட்டும், மற்றவர் தாளம் தட்டட்டும். எப்படிப் போனது என்று எங்களுக்கு எழுதுங்கள். நன்றாகப் போனதையும் எழுதுங்கள், இடையில் நின்றதையும் எழுதுங்கள்.

மற்றது, எங்கள் பறங்கிய வாசகர்களுக்கு. உங்கள் வீட்டில் அப்பப்பாவோ அம்மம்மாவோ பழைய கஃப்ரிஞ்ஞாப் பாட்டு அறிந்தவராக இருந்தால், இந்த மாதமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவுசெய்யுங்கள். பாடியவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். பிறகு கிற்றாரை எடுத்து, அவரைப் பாடவிட்டு, நீங்கள் கூட வாசியுங்கள். லண்டனிலும் லிஸ்பனிலும் அந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்திருப்பது நல்லது. அது உயிரோடு இருக்க வேண்டிய இடம் மட்டக்களப்பு. அதற்கு உங்கள் கைதான் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்