பிள்ளைப்பேற்றோடு முடியாத பிரஷர்

மன்னார் மாவட்டத்தில் கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய ஒவ்வொரு தாயின் பெயரும், பிள்ளை பிறந்த பின்னரும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் தனியே குறிக்கப்பட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டில் வைத்தே அவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும். சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்பது இதைத்தான்.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் பெரும்பாலும் இறங்கிவிடும். வீட்டார் மறந்துவிடுவார்கள். மறப்பதில் கிளினிக்குக்கும் பங்குண்டு: அம்மாவின் அட்டை அலுமாரிக்குள் போய்விட, பிள்ளையின் அட்டைதான் வருடக்கணக்கில் கையில் திரிகிறது.

35 வயதில் பெண்களைப் பரிசோதிக்கும் சுவநாரி கிளினிக் இருக்கிறதே என்பார்கள். 1996இல் தொடங்கிய நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 22 வயதில் பிரஷரோடு பிள்ளை பெற்றவருக்கு அது 13 வருடம் தள்ளி. தவிர, கிளினிக் நடப்பது காலையில். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வலையில் நண்டு கழற்றுவதும், மீன் வெட்டி உப்பிட்டுக் காயப்போடுவதும் அதே காலையில்தான். அன்றைய கூலியை விட்டு, வருத்தம் எதுவும் தெரியாத உடம்பைக் காட்ட யார் போவார்?

உத்தியோகத்தர்களுக்கு ஏற்கெனவே வேலை கூட என்ற பதில் வரும். உண்மைதான். ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களின் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. படலையைத் திறந்து உள்ளே போகிறவர்களும் அவர்களே. ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை, பிரஷர் உள்ளவருக்கு ஆபத்து. அதைக் கொடுக்குமுன் எப்படியும் பிரஷர் பார்க்கத்தானே வேண்டும்? புதிதாகத் தேவைப்படுவது பதிவேட்டில் ஒரு குறியும் நம்பக்கூடிய ஒரு கருவியும்.

அதே வருகையில், பாரிசவாதம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதுவும் சிடி ஸ்கான் எடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகே. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குச் சுமார் 30 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைவிட வீட்டுக்குள்தான் நேரம் போகிறது. எண்ணெய் பூசி உருவுவதும், விழுங்க முடியாதவருக்குக் கோப்பி பருக்கி அது நுரையீரலுக்குள் போவதும், “கொஞ்சம் படுத்தாச் சரியாகும்” என்று பாதிக்கப்பட்ட பெண்ணே சொல்வதும் நடக்கிற காரியங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வடக்கில் 2018 முதல் இலவசமாக ஓடுகிறது. வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே அதை அழைக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். ஊசி போடலாமா என்று தீர்மானிக்கும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.