பாரம்பரியம் சதுர அடி என்ன விலை?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நிலைக்கதவு, தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாமே அங்கே விலைக்குக் கிடைக்கும். யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணப் படம்கூடச் சட்டத்தோடு தொங்கும். கட்டடக்கலை படித்து முடித்த மறுவருஷம், கையில் டேப்போடு அந்தத் தெருவில் நின்றேன். அப்போது நான் வேலை பார்த்த அலுவலகம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு வாரக்கடைசி வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பன்னிரண்டு தூண் வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில். எட்டு கிடைத்துவிட்டது. மீதி நாலுக்கு, "ஒரு வாரம் பொறுங்க தம்பி, ஒரு வீடு பிரிக்கிறாங்க" என்றார் கடைக்காரர்.

நானும் பொறுத்தேன்.

வீடு கட்டி முடிந்ததும் படம் எடுத்தார்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அந்தப் பன்னிரண்டு தூண். 'மரபைக் காக்கும் பசுமைக் கட்டடம்' என்று போட்டிருந்தது. நாலு தூணுக்காக ஒரு வீடு பிரியக் காத்திருந்த எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

உடனே ஒரு கேள்வி வரும்: பழைய மரத்தைத் திரும்பப் பயன்படுத்துவது நல்லதுதானே? நல்லதுதான், இடிந்த வீட்டிலிருந்து எடுத்தால். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிட அதன் தூணுக்கும் நிலைக்கும் கூடுதல் விலை கிடைக்கிற நிலைமையை உருவாக்கியது யார்? வாங்குகிற நாம்தான். செட்டிநாட்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புள்ளிகளாகப் பிரிந்து, ஒரே வீட்டில் முப்பது நாற்பது பேருக்குப் பங்கு இருக்கும். ஒருத்தர் கோலாலம்பூரில், ஒருத்தர் கோயம்புத்தூரில், ஒருத்தர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்பதில் உடன்பாடு வராது. விற்றுப் பங்கு பிரிப்பதில் வந்துவிடும். தூணுக்கு நல்ல விலை இருக்கும்வரை அந்த உடன்பாடு சீக்கிரமே வரும்.

அந்த வீடுகள் செயல்பட்ட விதம் தூணில் இல்லை. நாலு பக்கமும் ஓட்டுக்கூரை உள்முகமாகச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்கும். தெருக்கள் மிச்ச நீரை ஊரணிக்குக் கொண்டுபோகும். சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசிய சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். அது ஒரு ஊரே சேர்ந்து போட்ட கணக்கு. ஈ.சி.ஆருக்கு நாங்கள் தூணைக் கொண்டுபோனோம். முற்றமும் வைத்தோம். அதன்மேல் கண்ணாடி போட்டு மூடி, ஏ.சி.யும் மாட்டினோம். மழை பெய்தால் படம் பிடிக்கலாம், நனைய முடியாது.

என் துறையில் இப்போது மூன்று வார்த்தைகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன: நிலைத்த வடிவமைப்பு, மரபுப் பாதுகாப்பு, மக்கள் பங்கேற்பு. மூன்றாவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு பங்கேற்புக் கூட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். வடையும் டீயும் கொடுத்தார்கள். வரைபடம் ஏற்கெனவே அச்சாகிச் சுவரில் ஒட்டியிருந்தது. ஊர்க்காரர்களிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, சுவருக்கு என்ன வர்ணம் பிடிக்கும் என்பது. ஒரு பாட்டி எழுந்து, "கக்கூஸ் எங்கப்பா வருது?" என்றார். பதில் சொல்ல யாரிடமும் தாள் இல்லை.

இந்த மூன்றையும் உண்மையிலேயே ஒன்றாகச் செய்தவர் லாரி பேக்கர். பெயரைக் கேட்டதும் 'தெரியுமே, பூசாத செங்கல் சுவர்' என்பீர்கள். எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1945இல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டுகிற வேலைக்காக இந்தியாவுக்கு வந்தார். இமயமலையில் பித்தோராகர் பக்கம் 16 வருஷம் இருந்து, அந்த ஊர் ஆட்கள் கல்லையும் மரத்தையும் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகு கேரளம். ஒரு வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததில் அழகு பற்றிய பேச்சு குறைவு, கணக்கு அதிகம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டினால் சுவருக்கு நடுவே வெற்றிடம் கிடைக்கும். இதைத்தான் ரேட் ட்ராப் கட்டு என்கிறோம். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், உள்ளே நிற்கிற காற்று வெயிலைத் தடுக்கும். தளத்தின் அடிப்பாதியில் காங்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதோடு சரி. அப்படியானால் அங்கே எதற்குச் சிமென்ட்? பழைய சீமை ஓடு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவே காற்று விட்டால் போதும். இதற்கு ஃபில்லர் ஸ்லாப் என்று பெயர். மிச்சமாகும் பணம் சிமென்ட் ஆலைக்குப் போகாமல் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகப் போக வேண்டும் என்பது அவருடைய அரசியல். வரைபடத்தை அலுவலகத்தில் முடித்து அனுப்புகிறவர் இல்லை அவர். கட்டுகிற இடத்திலேயே கொத்தனாரோடு நின்று, கையில் கிடைத்த காகிதத்தில் வரைந்து காட்டுவார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. திருவனந்தபுரம் உள்ளூரில் பொருளாதார அறிஞர்களுக்காக வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். அதே எழுபதுகளில் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டினார். கடல்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைக்கும்படி, வலை காயப்போட இடம் விட்டு, வீடுகளைத் தள்ளித் தள்ளி அமைத்தார். அறிஞருக்கும் மீனவருக்கும் அதே பூசாத செங்கல், அதே சல்லடைச் சுவர். ஏழைக்கு ஒரு பொருள், படித்தவனுக்கு ஒரு பொருள் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

இன்று 'பேக்கர் ஸ்டைல்' என்று கேட்டால் பூசிய சுவரைவிடக் கூடுதலாக விலை சொல்கிறார்கள். ஒரே நிறத்தில் தேர்ந்தெடுத்த செங்கல், அதற்குத் தனி ஆள், மேலே பளபளப்புக்கு வார்னிஷ். செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த சுவர், செலவு செய்ததைக் காட்டுகிற சுவராகிவிட்டது.

சரி, ஏழைகள் ஏன் மண்ணும் சுண்ணாம்பும் கேட்பதில்லை? காங்கிரீட்தானே கேட்கிறார்கள்? பசுமைக் கட்டடக்காரர்கள் இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று தள்ளிவிடுவார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் ஊர் தக்கலைப் பக்கம். 1956க்கு முன் திருவிதாங்கூர். பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்த அந்தக் கறுப்புத் தரையைக் குனிந்து பார்த்து முகம் தெரிகிறது என்று வியந்திருப்பீர்கள். அங்கே நாலு அடுக்கு உப்பரிகை மாளிகை இருக்கிறது. அதே நாட்டில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, ஒரு அடுக்குக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று விதி இருந்தது. மாடி என்பது என் ஆட்களுக்கு வெறும் மாடி இல்லை.

படித்துவிட்டு வந்த புதிதில் அம்மாவிடம் மண்சுவரின் பெருமையைப் பேசினேன். கேட்டுக்கொண்டே சோறு வடித்தவள், "எங்கம்ம என்ன ஓலப்பெரையில பெத்தா. நான் உன்ன ஓட்டு வீட்டுல பெத்தேன். நீ படிச்சிட்டு வந்து மறுபடி மண்ணு குழைக்கச் சொல்லுதியா மக்களே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மேலே ஒரு அறை எடுத்துக் காங்கிரீட் தளம் போட்டாள். சித்திரை மாசம் அந்த அறையில் மனுஷன் படுக்க முடியாது. ஆனாலும் இடித்துவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அதனால், ஏ.சி. அறையில் இருந்துகொண்டு குடிசையின் குளுமையைப் பாடுகிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஓலைக்கூரையை ஒவ்வொரு வருஷமும் மாற்றியவனுக்கு, மண்சுவரில் மழைக்காலத்துக் கரையானைப் பார்த்தவனுக்கு, நிலைத்த வடிவமைப்பு என்ன என்று பாடம் எடுப்பது அவமரியாதை. பேக்கர் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. ஃபில்லர் ஸ்லாபும் தளம்தான். அதன்மேல் ஏறி நிற்கலாம், வற்றல் காயப்போடலாம், பக்கத்து வீட்டை மேலிருந்து பார்க்கலாம். கீழே படுத்தால் சூடு குறைவு. மரியாதையும் குளுமையும் ஒரே தளத்துக்குள் அடங்குகிறபோது, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழையிடம் மட்டும் எதற்குக் கேட்கிறோம்?

2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், அளவு 360 சதுர அடி. லட்சக்கணக்கில் வீடுகள். இந்தத் தலைமுறையில் தமிழ்நாட்டில் கட்டப்படும் பெரிய கட்டடக்கலை வேலை அதுதான். என்னோடு படித்தவர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு வீட்டின் வாசலில் போய் நின்றதில்லை. நானும்தான், போன மாசம்வரை. அதில் ஃபீஸ் இல்லை, படம் வராது, விருது வராது. ஆனால் மரபு என்று நாம் சொல்கிற அறிவெல்லாம், சுண்ணாம்பு நீர்த்துகிற பதம் முதல் சாளரம் வைக்கிற திசை வரை, அந்த 360 சதுர அடிக்குப் போய்ச் சேராவிட்டால் அது யாருடைய மரபு?

போன மாசம் எங்கள் தெருவில் ஒரு அக்கா அரசு உதவியில் வீடு கட்டத் தொடங்கினார். வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று நானே போனேன். கொத்தனார் என்னைவிட முப்பது வயசு மூத்தவர். தளத்துக்குள் ஓடு வைக்கலாம் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓடு வச்சா பில்லு பாஸாகுமா?" என்றார். இதுவும் கம்பி கட்டிய தளம்தான், இஞ்சினியரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். "நாளைக்கு ஒழுகுனா நீ இருப்பியா, மெட்ராஸுக்குப் போயிருவியா?" அது நியாயமான கேள்வி. இருப்பேன் என்று சொன்னேன். அக்கா இடையில் புகுந்து, "மேல ஏறலாம்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஏறலாம் என்றேன். இடித்த பழைய வீட்டின் ஓடுகள் பின்னால் பலா மூட்டில் அடுக்கியிருக்கின்றன. உடைந்தது போக எண்ணிப் பார்த்தோம், தளத்துக்குக் காணும். அடுத்த வாரம் சென்டரிங் அடிக்கிறார்கள். அதற்குள் இஞ்சினியரைப் பார்க்க வேண்டும்.