துணிக்கு அடியில் ஓர் ஆட்டம்

பந்து மெல்ல உருள்கிறது. மூலைப் பையை நெருங்கும் நேரத்தில், யாரோ ஊதிவிட்டதுபோல் அரை அங்குலம் விலகி நின்றுவிடுகிறது. ஆடியவர் கியூவின் நுனியைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். எதிராளி சிரிக்கிறார். தவறு பெரும்பாலும் ஆடியவருடையதுதான். ஆனால் அதே இடத்தில் எல்லோருடைய பந்தும் விலகினால், குற்றவாளியைப் பச்சைத் துணிக்கு அடியில் தேட வேண்டும்.

அங்கே இருப்பது கல். பள்ளிக்கூடச் சிலேட்டு செய்த அதே ஸ்லேட் கல். 1826ல் லண்டனில் ஜான் தர்ஸ்டன் மரப்பலகைக்குப் பதிலாக இதை மேஜையில் பதித்தார். மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், கல் முறுக்காது. ஆனால் எடை? முழு அளவு ஸ்நூக்கர் மேஜை ஒரு டன்னைத் தாண்டும். ஒரே கல்லாக இருந்தால் மாடிப்படி ஏறாது. அதனால் 12 அடி ஸ்நூக்கர் மேஜைக்கு ஐந்து கற்கள், 9 அடி பூல் மேஜைக்குப் பெரும்பாலும் மூன்று. கற்கள் சேரும் இடம்தான் தலைவலி.

இந்தியாவுக்கு இந்த மேஜை புதிதல்ல. ஸ்நூக்கர் 1875ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது. 1880களில் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் உருப்பெற்றன. 1958ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். பழைய கிளப்களில் ஒருமுறை பதித்த மேஜை தலைமுறைக் கணக்கில் அசையாது. 1990களில் நகரங்களில் முளைத்த பூல் பார்லர்களின் கதை வேறு. வாடகை ஏறினால் கடை மாறும். கடை மாறினால் மேஜையும் மாறும். ஒவ்வொரு முறையும் கற்களைப் பிரித்து, மறுபடி சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மரச்சட்டத்தை மட்டம் பார்க்க வேண்டும். பிறகு கற்களை எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். அவை ஒன்றாகத் தேய்க்கப்பட்டவை. வேறொரு மேஜையின் கல் நடுவில் ஒத்துப்போகாது. தாழ்ந்த இடத்தில் மெல்லிய ஆப்பு செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருகுகளை மெதுவாக முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் கல் விரிசல் விடும். தச்சரின் சாதாரண ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது. இயந்திரங்களை நிறுத்தும்போது வைக்கும் நுட்பமான மட்டம் வேண்டும். இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டினால், படி எதுவும் தட்டுப்படக் கூடாது.

இடைவெளியை நிரப்புவது அதற்குப் பிறகுதான். சிலர் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் பிளேடால் கல் மட்டத்துக்குச் சுரண்டுகிறார்கள். சிலர் கார் பட்டறைப் பட்டியைப் பூசித் தேய்க்கிறார்கள். மெழுகு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும்; ஆனால் நாகபுரியின் 45 டிகிரி கோடையில் ஏ.சி. நின்றுபோனால் இளகிவிடும். பட்டி இளகாது. ஆனால் மழைக்காலத்தில் மரச்சட்டம் ஊதி அசைந்தால் வெடிக்கும். அடுத்த முறை இடம் மாறும்போது கல் முனை உடையாமல் அதைப் பெயர்த்தெடுப்பதும் பெரும்பாடு. அடிக்கடி இடம் மாறும் மேஜைக்கு மெழுகு, அசையாத மேஜைக்குப் பட்டி என்பது நியாயமான கணக்கு.

எதைப் பூசினாலும், அது மட்டத்தைத் தராது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாலையில் கடை திறக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுகிறார். இரண்டு கற்களுக்கிடையே மயிரிழை உயர வித்தியாசம். ஆப்பைச் சரிசெய்ய ஒரு மணி நேரமாகும்; பட்டியைச் சரிவாக இழுத்து மறைக்கப் பத்து நிமிடம் போதும். மேலே துணி விரித்ததும் எல்லாம் அழகு. சில வாரங்களில் பட்டி நொறுங்கும்போது குஷன்களைக் கழற்றி, துணியை உரிக்க வேண்டியிருக்கும். ஒட்டிய துணியை உரித்தால் பல சமயம் மறுபடி பயன்படாது. மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கு விலை, ஒரு புதுத் துணி.

பொறுமையான வேலைக்காரர் துணி விரிக்கும் முன் வெறும் கல்லின் மேல் ஒரு பந்தை மெல்ல உருட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். இணைப்பைத் தாண்டும்போது 'டக்' என்று கேட்டால் திருகைத் தளர்த்தி மறுபடி தொடங்குகிறார். துணி விரித்த பிறகு அந்தச் சத்தம் கேட்காது. ஆடுபவரின் புலம்பல் மட்டுமே கேட்கும்.