ஜெயிப்பது யார்?



ஒரு கணக்குப் போடலாமா? பேப்பர், பென்சில் வேண்டாம். மனக்கணக்குதான்.

பத்துப் பேர் ஆளுக்கு 10 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 100 ரூபாய். ஆட்டத்தை நடத்துகிறவர் 20 ரூபாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு 80 ரூபாய் கொடுக்கிறார். ஜெயித்தவருக்கு ஒரே குஷி! இப்படியே 50 தடவை ஆடினால்? போட்ட பணம் 5,000. திரும்பி வந்தது 4,000. மீதி 1,000 எங்கே? ஒரு தடவைகூட ஆடாதவரின் பையில்!

லாட்டரிச் சீட்டு, செல்போனில் பணம் கட்டி ஆடும் சூதாட்டம், பெட்டிக்கடையில் காசு கொடுத்துக் கிழிக்கும் பரிசு அட்டை... எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

'அப்படியானால் பெரியவர்கள் ஏன் ஆடுகிறார்கள்?' என்று கேட்பீர்கள். ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து தடவை பூ விழுந்துவிட்டால், 'அடுத்தது தலைதான்' என்று மனசு அடித்துச் சொல்லும். நாணயத்துக்கு ஏது ஞாபகம்? ஆறாவது தடவையும் பாதிக்குப் பாதிதான். தோற்றவர் மனசும் அப்படித்தான் ஏமாறுகிறது. 'இவ்வளவு விட்டாச்சு, அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிடலாம்' என்கிறது. முதலில் கைக்காசு போகும். அப்புறம் கடன். அப்புறம் வீட்டில் பொய்.

மகாபாரதத்தில் தர்மர் நாடு, தம்பிகள், தன்னையே, பாஞ்சாலி என்று எல்லாவற்றையும் வைத்துத் தோற்றார். அது எல்லாருக்கும் தெரியும். பலர் மறந்துவிடுவது அடுத்த கட்டத்தை. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்தபிறகு, மறுபடி ஆடக் கூப்பிட்டார்கள், மறுபடியும் போனார்! தர்மர் முட்டாளா என்ன? நிறுத்த முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. நோய் என்றால் சிகிச்சையும் உண்டு. (திருக்குறளில் 94-வது அதிகாரம் சூது. 95-வது என்ன தெரியுமா? மருந்து!)

தமிழகத்தில் 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனைக்குத் தடை வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக நடப்பது நின்றபாடில்லை.

உங்களில் சிலர் வீட்டிலேயே இந்தக் கஷ்டம் இருக்கலாம். அவர்களுக்குத்தான் இந்த வாரம் முக்கியமாக எழுதுகிறேன். அப்பாவோ அண்ணனோ சூதில் மாட்டிக்கொண்டால், அது உங்கள் தப்பு இல்லை. நீங்கள் மார்க் குறைவாக வாங்கியதாலோ, புதுச் செருப்பு கேட்டதாலோ கடன் வரவில்லை. பாவமாக இருக்கிறதே என்று உண்டியலை உடைத்துக் கொடுக்காதீர்கள். அது அடுத்த ஆட்டத்துக்குத்தான் போகும். 'ஜெயிச்சதும் சைக்கிள் வாங்கித் தர்றேன், அம்மாகிட்ட சொல்லாதே' என்று யாராவது சொன்னால், அந்த ரகசியத்தை மட்டும் காப்பாற்ற வேண்டாம். அம்மாவிடமோ, தாத்தா பாட்டியிடமோ, உங்களுக்குப் பிடித்த டீச்சரிடமோ சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அடி, சண்டை, பயம் என்றால் 1098-க்குப் பேசுங்கள். அது குழந்தைகளுக்காகவே உள்ள எண். பெரியவர்களுக்கு 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்று பெரியவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். சண்டை போட வேண்டாம். 14416 என்று பெரிசாக எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்