டேங்க்கைக் கூட்டாதீர்கள், நேரம் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன கோடை விடுமுறையில் என் மகள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "அம்மா, அடுத்து பத்தாவது போறான். எந்நேரமும் கம்ப்யூட்டர்ல ராக்கெட் விட்டுக்கிட்டே இருக்கான். நீங்க சொன்னா கேப்பான். அந்த கேமை அழிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அழிக்கச் சொல்லத்தான் பேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் சொல்லவில்லை. ஏன் என்று மகளுக்குப் பாதிதான் விளக்கியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இந்தப் பிரச்சினை உங்களில் பலர் வீட்டிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவில் உருவானது, 2011இல் முதலில் வெளிவந்து, 2015இல் முழு வடிவம் பெற்றது. கெர்பின் என்ற கற்பனைக் கிரகம், அதில் பச்சை நிறக் குட்டி மனிதர்கள். அவர்களுக்கு நாம் ராக்கெட் கட்டிக் கொடுத்து நிலவுக்கும் மற்ற கிரகங்களுக்கும் அனுப்ப வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. செவ்வாய் மாதிரி டூனா என்று ஒரு சிவப்புக் கிரகம் இருக்கிறது. அங்கே போவதுதான் பேரனின் லட்சியம்.

"அதோ தெரியுதே, அதைப் பார்த்து நேரா விடுடா" என்றேன். அவன் சிரித்தான், ஆனாலும் நான் சொன்னபடியே விட்டுக் காட்டினான். நாங்கள் போய்ச் சேரும்போது டூனா அங்கே இல்லை. எரிபொருளும் தீர்ந்துவிட்டது. "அந்த ஆள் இன்னும் சூரியனைச் சுத்திக்கிட்டு இருக்கான் அம்மாச்சி" என்று இன்றைக்கும் கேலி செய்கிறான்.

"சரி, இன்னும் நாலு டேங்க் வை" என்றேன். ராக்கெட் தரையை விட்டே எழும்பவில்லை.

இங்கேதான் கணக்கு டீச்சரான எனக்கே பாடம் ஆரம்பித்தது. எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். காலிக் கலத்தின் எடை 1 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 டன் எரிபொருள் ஊற்றினால் ஒரு பங்கு வேகம் கிடைக்கிறது. இரண்டு பங்கு வேகத்துக்கு 2 டன் போதாது, 3 டன் வேண்டும். மூன்று பங்குக்கு 7 டன். இதெல்லாம் டேங்க்கின் எடையைச் சேர்க்காமலே வரும் கணக்கு. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியல்கோவ்ஸ்கி 1903இலேயே இந்தச் சமன்பாட்டை வெளியிட்டுவிட்டார். அவரும் கணக்கு வாத்தியார்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

அப்படியானால் எப்படித்தான் போவது? ஜெர்மன் பொறியாளர் வால்டர் ஹோமன் 1925இல் வழி சொன்னார். கிரகத்தை நோக்கி நேராகப் போக வேண்டாம். சூரியனைச் சுற்றும் நம் பாதையை ஒரு நீள்வட்டமாக நீட்டினால் போதும். அதன் மறுமுனை டூனாவின் பாதையைத் தொட வேண்டும். நாம் அங்கே போய்ச் சேரும் நாளில் டூனாவும் அங்கே வந்திருக்க வேண்டும். எப்போது கிளம்புவது என்பதுதான் கேள்வி.

பேரனும் நானும் நோட்டில் போட்டோம். கெர்பின் நாள் கணக்கில் பயணம் சுமார் 302 நாள். டூனா சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 802 நாள். 302 நாளில் அது எத்தனை டிகிரி நகரும்? 302-ஐ 802-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 136. நாம் அரைவட்டம், அதாவது 180 டிகிரி போகிறோம். 180-இல் 136 போக 44. கிளம்பும்போது டூனா நமக்கு 44 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! நான் வருஷக்கணக்காக நடத்திய நேர்விகிதம். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இரண்டு கெர்பின் வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

எந்த இடத்தில் எஞ்சினை இயக்குகிறோம் என்பதும் முக்கியம். கெர்பினை விட்டு முழுவதும் வெளியேறிவிட்டு, அப்புறம் டூனாவுக்குத் திருப்பினால் வினாடிக்குச் சுமார் 1,850 மீட்டர் வேக மாற்றம் தேவை. கெர்பினுக்கு மிக அருகில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரே மூச்சில் இயக்கினால் சுமார் 1,060 போதும். வேகமாகப் போகும்போது கொடுக்கும் உந்துதலுக்குப் பலன் அதிகம்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு பி.எஸ்.எல்.வி.க்கு இல்லை. அதனால் பூமியையே சுற்ற விட்டு, பூமிக்கு அருகில் வரும்போது எஞ்சினை இயக்கி, பல தவணையாகப் பாதையை நீட்டினார்கள். ஒரு தவணையில் எதிர்பார்த்த வேகம் கிடைக்கவில்லை. மறுநாள் கூடுதலாக ஒரு தவணை இயக்கிச் சரிசெய்தார்கள். டிசம்பர் 1 அன்று பூமியிலிருந்து விடைபெற்ற கலம் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு இந்த வாய்ப்பு சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

இப்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன், "டீச்சர், இந்த விகிதக் கணக்கு எதுக்கு?" என்று கேட்டான். திமிர் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாத கோபத்தை அவன் மேல் காட்டினேன். தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. பதில் இப்போதுதான் கிடைத்தது. என்னை மன்னித்துவிடு.

என் கருத்து இதுதான். பேரனுக்கு ஏற்கனவே மூன்று டியூஷன். கணக்கில் மார்க் குறைந்ததும் நாலாவதுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாலு டேங்க் வைக்கச் சொன்ன என் புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? களைத்துப்போன பிள்ளை மேல் இன்னொரு சுமை ஏற்றினால் அதைத் தூக்கவே அவனுடைய பலம் போய்விடும். அவனாகவே ஒரு கேள்வியோடு வரும் நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும், சின்ன உந்துதல் வெகுதூரம் கொண்டுபோகும்.

விளையாட்டு பள்ளிக்கூடத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. இதனால் மார்க் ஏறும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். விளையாட்டிலும் எல்லாம் நிஜம் மாதிரி இல்லை. கலத்தை ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே இழுப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். அதனால் அவனும் நானும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். நாளுக்கு ஒரு மணி நேரம்தான். ராக்கெட் விடுவதற்கு முன் கணக்கை நோட்டில் போட வேண்டும். தோற்றால் எங்கே தவறியது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இதுவரை பதினொரு தோல்வி எழுதியிருக்கிறான். ஒன்றுக்கும் நான் சிவப்பு மையில் கோடு போடவில்லை. பன்னிரண்டாவது முறை டூனாவில் இறங்கிவிட்டான். திரும்பி வர எரிபொருள் இல்லை, அது வேறு கதை!

மகளே, நாலாவது டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்துப் பார். அதற்கு அப்புறமும் அழிக்கத்தான் வேண்டும் என்றால், நானே அவனிடம் சொல்கிறேன்.

மற்றவர்களும் உங்கள் கருத்தை எழுதுங்கள். டீச்சர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். இனிமேல் யாரையும் வெளியே நிற்க வைக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்